வாரம் ஒரு பென்னி: சீடத்துவம் வீட்டு வாசலுக்கு வந்த கதை

‘சீடத்துவம்’ என்பது கிறிஸ்தவத் திருச்சபைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல். இயேசுவிடம் கற்றதை வீட்டிலும் வேலையிடத்திலும் அக்கம்பக்கத்திலும் வாழ்ந்து காட்டுவதே அதன் பொருள். ஆனால், ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியவர் மற்ற ஆறு நாள்களும் எப்படி இருக்கிறார் என்பது யாருக்குத் தெரியும்? மெதடிஸ்ட் திருச்சபையின் வரலாற்றில் இதற்கு ஒரு விடை உண்டு. அது பிறந்தது ஒரு கடன் சிக்கலில்.

கடனில் பிறந்த ஏற்பாடு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியைப் பின்பற்றியவர்கள் 1739-இல் ஒரு கூடத்தைக் கட்டத் தொடங்கினர். அதனால் வந்த கடனை அடைப்பது எப்படி என்று 1742 பிப்ரவரியில் கூடிப் பேசினார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பலர் ஏழைகள், அவர்களால் எப்படி முடியும் என்ற கேள்வி எழுந்தது. மிகவும் ஏழ்மையான 11 பேரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும், அவர்களால் முடியாவிட்டால் அந்தப் பணத்தைத் தாமே போடுவதாகவும் அவர் சொன்னார்.

அப்படியே சுமார் 12 பேர் கொண்ட ‘வகுப்பு’கள் உருவாயின. ஒவ்வொரு வகுப்பின் தலைவரும் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று காசு வாங்கினார். வாசலுக்குப் போனபோதுதான் பல உண்மைகள் தெரிந்தன. ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டை. இன்னொரு வீட்டில் குடிபோதை. தாம் நெடுநாளாகத் தேடிய வழி இதுதான் என்று வெஸ்லி உணர்ந்தார். காசு வாங்கப் போனவர்கள் நலம் விசாரிப்பவர்களாகவும் அறிவுரை சொல்பவர்களாகவும் ஆனார்கள். பின்னர், வகுப்பில் உள்ள அனைவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடும் வழக்கம் வந்தது.

மூன்று விதிகள்

1743-இல் வெஸ்லி இவர்களுக்காகப் பொது விதிகளை வெளியிட்டார். அவற்றின் சாரம் மூன்று: தீமை செய்யாதே, நன்மை செய், ஆராதனை, வேத வாசிப்பு, ஜெபம் போன்ற ஆன்மிகப் பழக்கங்களைக் கைவிடாதே.

இவை வெறும் பொதுவான போதனைகள் அல்ல. குடிவெறி, வரி கட்டாத சரக்கை வாங்கி விற்பது, முறையற்ற வட்டி, திருப்பித் தர வழியில்லாமல் கடன் வாங்குவது ஆகிய யாவும் ‘தீமை’ப் பட்டியலில் இருந்தன. பசித்தவருக்கு உணவு தருவதும், நோயாளிகளையும் சிறையில் இருப்பவர்களையும் சென்று பார்ப்பதும் ‘நன்மை’ப் பட்டியலில் இடம்பெற்றன. அந்த நன்மையை இயன்றவரை எல்லா மனிதருக்கும் செய்ய வேண்டும் என்பதே விதி. 

நம் ஊரில்

மெதடிஸ்ட் பணி 1885-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ச் சபைகளுக்கெனத் தனி ஆண்டு மாநாடுகள் இயங்குகின்றன. ‘வகுப்பு’ என்ற பெயர் அதிகம் கேட்பதில்லை. ஆனால், வீட்டுக் கூட்டங்கள் பல திருச்சபைகளில் உண்டு. பாடலும் ஜெபமும் முடிந்ததும் தேநீர், பலகாரத்தோடு அவை கலைந்துவிடலாம். அல்லது, “இந்த வாரம் எப்படிப் போனது?” என்று ஒருவரையொருவர் மனம்திறந்து கேட்கும் இடமாகவும் அவை அமையலாம்.

இந்தக் கேள்விக்கு இன்றும் தேவை இருக்கிறது. ஆலோங்கிடம் கடன் வாங்கிச் சிக்கியவர் அதை வெளியே சொல்லக் கூசுவார். அடுக்குமாடி வீட்டில் தனியாக வாழும் முதியவர் இரண்டு வாரம் ஆராதனைக்கு வராவிட்டால், அவர் வீட்டுக் கதவைத் தட்ட ஒருவர் வேண்டும். இரவு வேலை பார்ப்பவருக்கு ஞாயிறு காலை வர முடியாது. அவரைத் தேடித்தான் போக வேண்டும்.

இதற்குச் சில ஒழுங்குகள் அவசியம். குழு சிறியதாக இருக்க வேண்டும். கூட்டத்தில் பேசியது வெளியே போகக்கூடாது. வம்பாக மாறினால் அடுத்த வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். குறை கேட்பவர் முதலில் தம் குறையைச் சொல்ல வேண்டும். வன்முறை, மனச்சோர்வு போன்றவற்றுக்கு ஜெபத்தோடு மருத்துவரின், அதிகாரிகளின் உதவியையும் நாட வேண்டும்.

பிரிஸ்டலில் அந்த ஒருவர் செய்தது பிரசங்கம் அல்ல. கொடுக்க முடியாதவரின் பங்கைத் தாமே ஏற்றுக்கொண்டு, வாரந்தோறும் அவர் வாசலுக்குப் போக முன்வந்தார். சீடத்துவம் அன்றாட வாழ்வில் எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு அதுவே போதிய விளக்கம்.