தகட்டிலே பிறந்த நவீனம்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு வளைந்து வளைந்து ஏறுகிற மலைப்பாதையை ஒட்டி, காப்பித் தோட்டங்களுக்கும் மலைவாழைக்கும் நடுவே அமைந்திருக்கும் வடகவுஞ்சி போன்ற ஊர்களில் வசிப்பவர்களுக்குக் கலை என்றதுமே அடிவாரத்துக் கோயிலின் நினைவு வருவது இயல்பு. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கீழே இறங்குகிறவர்கள், நேர்ந்துகொண்டபடி வாங்கிச் செலுத்தும் கண்மலரைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்: காகிதம்போல் மெல்லிய வெள்ளித் தகடு, முன்பக்கம் இமையும் விழியும் மேடிட்டு நிற்க, பின்பக்கம் அதே உருவம் குழிந்திருக்கும். இந்தியாவின் நவீன சிற்பத்திலே சென்னைக்கென்று ஒரு தனி ஸ்தானத்தைத் தேடித் தந்தது, இந்தத் தகட்டு வேலைக்கு நெருங்கிய உறவான ஒரு வேலைதான் என்று சொன்னால், பலர் ஆச்சரியப்படக்கூடும்.

அதைச் செய்து காட்டியவர்களில் முதன்மையானவர் பி.வி. ஜானகிராம் (1930–1995). கோயில்களில் விக்கிரகத்துக்குச் சாத்தும் உலோகக் கவசத்தைக் கண்டு தூண்டுதல் பெற்ற அவர், செப்புத் தகட்டை வெட்டி, பின்புறமிருந்து சுத்தியலால் தட்டிப் புடைக்கச் செய்து, புருவத்துக்கும் மூக்குக்கும் ஆபரணங்களுக்கும் உலோகக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்து உருவங்களைப் படைத்தார். ஐரோப்பியச் சிற்பம் ரசிகனைத் தன்னைச் சுற்றிவரச் சொல்லும். ஜானகிராமின் உருவமோ, சந்நிதியில் நிற்பவனைத் தெய்வம் நோக்குவதுபோல, நேர்முகமாகவே பார்க்கும். பிள்ளையாரும் அப்படி நின்றார்; கிறிஸ்துவும் அப்படியே நின்றார். கவசம் செய்கிற தொழில் முறையை அப்படியே வைத்துக்கொண்டு, கவசத்துக்குள்ளே இருக்கவேண்டிய மூர்த்தியை மட்டும் நீக்கிவிட்ட துணிச்சலில்தான் அவருடைய நவீனம் இருக்கிறது.

இந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுத்த சூழ்நிலை, 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியிலே உருவாயிற்று. தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957-இல் அதன் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரை வருத்திய பிரச்சினை, அழகைவிட வயிற்றைப் பற்றியது. பட்டம் பெற்று வெளியேறும் மாணவன் எதைக் கொண்டு ஜீவிப்பது? மெழுகு தடவிச் சாயத்தில் தோய்க்கும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைக் கலைஞர்களே செய்து விற்றார்கள். அந்த வருவாயைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஸ்தாபித்தார்கள். சர்க்காரையோ தனவந்தரையோ நம்பியிராமல், ஒரு கையால் துணியும் மறு கையால் ஓவியமும் செய்து பிழைக்கலாம் என்பதை அவர்கள் நிரூபித்ததை, அவர்களுடைய எந்தச் சிருஷ்டிக்கும் குறைந்த சாதனையாக நான் எண்ணவில்லை.

பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையில், ஜாதகக் கட்டங்களும் மலையாள எழுத்துக்களும் கணிதக் குறிகளும் நெருங்கி நிற்கின்றன; ஏட்டைப் பார்க்கும் பிரமை உண்டாகும், ஆனால் வாசித்துப் பொருள் காண முடியாது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், சீனக் கலைஞர் ஷூ பிங், எந்த அகராதியிலும் இல்லாத சுமார் 4,000 எழுத்துக்களைத் தாமே கற்பித்து, பழைய முறைப்படி மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு, யாராலும் படிக்க இயலாத ஒரு புத்தகத்தை ஆக்கினார். லாகூர் கலைக் கல்லூரியில் முகலாய நுண்ணோவியம் பயின்ற ஷாசியா சிக்கந்தரோ, 1989–90-இல் வரைந்த ‘சுருள்’ என்ற படைப்பிலே, அரண்மனையும் அந்தப்புரமும் இருக்கவேண்டிய இடத்தில் இந்தக் காலத்து வீட்டையும், அதன் அறைகளில் நடமாடும் ஓர் இளம்பெண்ணையும் வைத்தார்.

தேசமும் மதமும் பாஷையும் வேறான இவர்கள் எல்லோரிடமும் பொதுவாகக் காண்பது ஒன்றே. முதலில் ஒரு பழந்தொழிலின் கட்டுப்பாட்டுக்குக் கையைப் பழக்கினார்கள், அல்லது அதன் இலக்கணத்தைக் கூர்ந்து கற்றார்கள். பிறகே அதற்குள் தங்கள் காலத்தை நுழைத்தார்கள். இந்த வரிசை தலைகீழாகும்போது கிடைப்பது, நடராஜர் அச்சிட்ட கைப்பையும் கோலம் போட்ட சட்டையுமே. நம் பக்கத்து உதாரணம் ஒன்று: பழனி மலைத்தொடரில் கற்பலகைகளால் எழுப்பிய பழங்காலக் கற்திட்டைகளை ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரிமார்கள் ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. அந்தக் கற்பலகைகளின் படத்தை நாளைக்கே ஒருவர் காப்பிக் கோப்பையில் பதித்து விற்கலாம். வியாபாரமாக அது நடக்கும். அதைப் பாரம்பரியத்தின் புதுப் பிறவி என்று கொண்டாடுவதற்கில்லை.

மலையூர் இளைஞர் ஒருவருக்குச் சிற்பியாகும் ஆசை இருக்குமானால், பழனிக் கடைத்தெருவில் அழகான உருவங்களைத் தேடி அலைவதைவிட, தகடு தட்டும் ஆசாரி ஒருவரிடம் சில வருஷங்கள் உட்கார்ந்து, சுத்தியல் எவ்விடத்தில் அழுந்தவேண்டும், எவ்விடத்தில் அழுந்தக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்வது மேல். நவீனத்துக்காக அவர் தனியே பிரயத்தனப்பட வேண்டியதில்லை. பேருந்தில் ஏறி, கைப்பேசியில் பேசி, கடன் தவணை கட்டி வாழ்கிற மனிதர் அவர். கை தேர்ந்துவிட்டால், அவருடைய காலம் அவரைக் கேளாமலே தகட்டில் இறங்கும்.