எடை சொல்லும் குழாய்கள்

பயணிகள் விமானம் சுமக்கும் எரிபொருளில் பெரும்பங்கு இறக்கைகளுக்குள் இருக்கிறது. அந்தத் தொட்டிகள் நீளமானவை, தட்டையானவை. விமானம் மூக்கை உயர்த்தினாலே உள்ளிருக்கும் எரிபொருள் ஒருபக்கமாக ஒதுங்கிவிடும். வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் மிதக்கும் பந்தைப் போல ஒன்றை அங்கே வைத்தால், அது ஒரே ஒரு மூலையின் நிலவரத்தைத்தான் சொல்லும். அதனால் பெரிய விமானங்களின் தொட்டிகளில் பல இடங்களில் இரட்டைக் குழாய்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒரு உலோகக் குழாய்க்குள் இன்னொரு உலோகக் குழாய், இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. நடுவிலுள்ள இடைவெளியில் எரிபொருள் தானாக ஏறி, வெளியே எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் நிற்கும். இந்த இரட்டைக் குழாய் ஒரு மின்தேக்கி. அது எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பது இடைவெளியை நிரப்பியிருக்கும் பொருளைப் பொறுத்தது என்று 1837இல் மைக்கேல் பாரடே காட்டினார். அந்தப் பண்பின் அளவுதான் மின்காப்பு மாறிலி. காற்றுக்கு அது ஏறக்குறைய 1. விமான எரிபொருளுக்கு 2க்குச் சற்று மேல். ஆகவே காலித் தொட்டி நிரம்பும்போது மின்தேக்குதிறன் இரு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகிறது. இந்த வேறுபாட்டை ஒரு சிறிய மாறுமின்னோட்டத்தாலேயே அளந்துவிடலாம். அசையும் பாகம் எதுவும் இல்லை. தண்ணீருக்கு இந்த மாறிலி சுமார் 80 என்பதால், குழாய்க்குள் கொஞ்சம் நீர் சேர்ந்தாலும் அளவீடு கெட்டுப்போகும்.

என்னை மிகவும் கவர்வது இந்த முறையின் வேறொரு குணம். விமானிக்குத் தேவைப்படும் கணக்கு லிட்டரில் இல்லை, எடையில் இருக்கிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆற்றல் எரியும் பொருளின் நிறையைப் பொறுத்தது. வெயிலில் எரிபொருள் விரிந்தால் மட்டம் உயரும். ஆனால் ஒரு கிராம்கூடக் கூடியிருக்காது. அப்படி விரியும்போது மூலக்கூறுகள் விலகுவதால் மின்காப்பு மாறிலியும் இறங்குகிறது. மட்டம் கூட்டிக் காட்டுவதை மாறிலி குறைத்துக் காட்டுகிறது. பிழையின் பெரும்பகுதி அங்கேயே ஈடாகிவிடுகிறது. மிச்சத்தைத் திருத்த, எப்போதும் எரிபொருளில் மூழ்கியிருக்கும்படி தொட்டியின் அடியில் இன்னொரு மின்தேக்கியை வைப்பதுண்டு. எரிபொருளின் அடர்த்தியை யாரும் கையால் பெருக்க வேண்டியதில்லை.

பெருக்க வேண்டிவந்தால் என்ன நடக்கும் என்பதை 1983 ஜூலை 23 காட்டியது. ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட வேண்டும். எரிபொருள் அளவைக் காட்டும் திரைகள் வெறுமையாக இருந்தன. தொட்டியின் அடியிலுள்ள அளவுகோலை இறக்கிப் பார்த்ததில் 7,682 லிட்டர் இருப்பது தெரிந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ.

லிட்டரை எடையாக்க ஊழியர்கள் எடுத்துக்கொண்ட எண் 1.77. அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் எண், கிலோவுக்கு 0.8 அளவில் எடுத்திருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்கள் பவுண்டுக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. புதிய 767 மட்டும் கிலோவில். 20,000 லிட்டர் ஏற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் ஏற்றினார்கள். தேவையில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது. விமானத்தின் கணினிக்கும் 22,300 கிலோ என்றே சொல்லியிருந்ததால், அது செலவானதை அதிலிருந்தே கழித்துக்கொண்டு போனது.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கியது; சிறிது நேரத்தில் எஞ்சின்கள் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மோரிஸ் குவின்டல் நினைவில் வைத்திருந்த கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில், எஞ்சின் இல்லாமலே பியர்சன் விமானத்தை இறக்கினார். உள்ளிருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

திரைகள் வெறுமையானதற்குக் காரணம், குழாய்களின் தகவலைப் படிக்கும் மின்னணுப் பெட்டியில் சரியாகப் பிடிக்காத ஒரு சால்டரிங்.