முக்குளிப்பும் மேட்டுநிலப் பயணமும்

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர்ப் பெருஞ்சாலையை ஒட்டி அமைந்த தொழிற்பேட்டை பொம்மசந்திரா. அது கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக் கடற்கரை சுமார் 300 கிலோமீட்டர் தொலைவு. காற்று உருளையுடன் கடலில் முக்குளிக்க இவ்வழியே செல்வோர் உளர். இவர்கள் பயணத்தைத் திட்டமிடுங்கால், புறப்படும் நேரத்தினும் திரும்பும் நேரமே முதற்கண் கருதற்பாலது. அதன் காரணத்தை ஆராய்வோம்.

கடல் நீரில் 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகின்றது. 20 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர் மூன்று வளிமண்டல அமுக்கமுள்ள காற்றைச் சுவாசிக்கின்றார். அக்காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகின்றது. மேலே வருகையில் அது நுரையீரல் வழியே மெல்ல வெளியேற வேண்டும். அமுக்கம் விரைந்து குறையின், அது குமிழிகளாகி மூட்டுவலி, மதமதப்பு, தலைச்சுற்றல், சிற்சிலபோது பக்கவாதமும் விளைக்கும். இதுவே அமுக்கக் குறைவு நோய். இதன் காரணத்தை 1878இல் பால் பெர்ட் விளக்கினார். 1908இல் ஹால்டேன் படிப்படியாக மேலெழும் முறையை வகுத்தார்.

மூடிய சோடாப் புட்டியில் குமிழி தோன்றுவதில்லை, திறந்தவுடன் பொங்குகின்றது. ஆசிரியர்கள் வகுப்பில் இதனை எளிதிற் காட்டலாம். கரையேறிய பின்னரும் உடல் ஓரளவு இச்சோடாப் புட்டியைப் போன்றதே. கிருஷ்ணகிரியைக் கடந்து ஓசூர் மேட்டுநிலத்தை அடைகையில் காற்றின் அமுக்கம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகின்றது. எஞ்சிய நைட்ரஜன் குமிழியாக இது மற்றுமொரு வாய்ப்பு.

இனி, குளிரின் பங்கு யாது? நீர் காற்றைவிட 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்கின்றது. குளிர்ந்த கைகால்களில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால், அங்குக் கரைந்த நைட்ரஜன் வெளியேறத் தாமதமாகின்றது. அமெரிக்கக் கடற்படையினர் 2007இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் இதற்குச் சான்று. ஆழத்தில் வெம்மையாகவும் மேலெழுகையில் குளிராகவும் இருந்தோரிடம் நோய் மிகுதியாகவும், இதற்கு மாறாக இருந்தோரிடம் மிகக் குறைவாகவும் காணப்பட்டது. அச்சோதனையில் 'குளிர்நீர்' எனக் கொள்ளப்பட்டது 27 பாகை செல்சியஸ் நீரேயாகும்! ஆகவே, நம் வெப்பமண்டலக் கடலில் குளிரைப் பற்றிக் கவலையில்லை என எண்ணுதல் தவறு. நுரை ரப்பர் உடையும் ஆழத்தில் அமுங்கி மெலிவதால், அதன் வெப்பக் காப்புக் குறைகின்றது.

முக்குளித்தபின் 610 முதல் 2,440 மீட்டர் வரையிலான உயரத்திற்கு ஒப்பான அமுக்கத்தில் விமானப் பயணம் செய்வோருக்கென 2002இல் வல்லுநர் வகுத்த விதிகள் சாலைப் பயணத்திற்கும் வழிகாட்டும். இடைநிறுத்தம் தேவைப்படாத ஒரே முக்குளிப்பாயின் 12 மணி நேரமும், ஒரே நாளில் பன்முறையோ பல நாள்களோ முக்குளித்திருந்தால் 18 மணி நேரமும் குறைந்த அளவு. இடைநிறுத்தம் தேவைப்பட்ட முக்குளிப்பாயின் இன்னும் நீண்ட காலம் வேண்டும். பொம்மசந்திராவின் உயரத்திற்கு இது சற்று மிகையாகத் தோன்றினும், குளிரையும் களைப்பையும் கருதின் தக்கதே.

திட்டம் எளிது. வெள்ளி இரவு கடற்கரையை அடைந்து, சனி நண்பகல் 1 மணிக்குள் இறுதி முக்குளிப்பை முடிப்போர், ஞாயிறு காலை 7 மணிக்குப் பின் புறப்படலாம். ஞாயிறு நண்பகல் முக்குளிப்பவர் திங்கள் காலை வேலைக்கு வர எண்ணுதல் ஆகாது. மேலெழுந்ததும் ஈர உடையைக் களைந்து, உலர்ந்து, போர்த்துக்கொள்ளுதலும், நிறைய நீர் அருந்துதலும் நன்று. உடனே வெந்நீரில் குளித்தலும் கடும் உழைப்பும் தவிர்க்கத்தக்கன.

வலியோ மதமதப்போ தோன்றின், அதனைப் பயணக் களைப்பென ஒதுக்கி மேடேறுதல் பேராபத்து. நோயாளியைப் படுக்கவைத்துத் தூய ஆக்ஸிஜன் அளித்து, அமுக்க அறையுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அம்மருத்துவமனை எங்குள்ளது என்பதைப் புறப்படுமுன்னரே குறித்துக்கொள்ளுதல் பயணத் திட்டத்தின் இன்றியமையாப் பகுதியாகும்.