கட்டைவிரல் அடிமூட்டு அறுவைச் சிகிச்சை: என்ன எதிர்பார்க்கலாம்?

சாவியைத் திருப்பும்போதும், ஊறுகாய்ப் புட்டியைத் திறக்கும்போதும், துணியைப் பிழியும்போதும் கட்டைவிரலின் அடியில் வலிக்கிறதா? மணிக்கட்டை ஒட்டிய சிறிய மூட்டு தேய்ந்திருக்கலாம். வயதான பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

விரலைத் தாங்கும் பட்டை, வலி மருந்து, மூட்டில் போடும் ஊசி ஆகியவற்றைத்தான் முதலில் முயன்று பார்ப்பார்கள். அவை போதாதபோதே அறுவைச் சிகிச்சை. எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் எவ்வளவு தெரிகிறது என்பதைவிட, வலி உங்கள் அன்றாட வேலைகளை எவ்வளவு தடுக்கிறது என்பதே முக்கியம்.

பெரும்பாலும் செய்யப்படும் அறுவையில், கட்டைவிரலுக்கு அடியிலுள்ள சிறிய மணிக்கட்டு எலும்பு அகற்றப்படும். "எலும்பை எடுத்துவிட்டால் விரல் தொங்கிவிடாதா?" என்று பலரும் கேட்பதுண்டு. தொங்காது. அந்த இடைவெளியில் தழும்புத் திசு வளர்ந்து விரலைத் தாங்கிக்கொள்ளும். விரல் சற்றுக் குட்டையாகத் தோன்றலாம். சில மருத்துவர்கள் உங்கள் கையிலிருந்தே தசைநாண் ஒன்றை எடுத்து அங்கு வைப்பார்கள். அதனால் வலி மேலும் குறையும் என்று ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு வலி நன்றாகக் குறைகிறது. ஆனால் உடனே அல்ல. முதல் 4 முதல் 6 வாரங்களுக்கு மாவுக்கட்டு அல்லது பட்டை இருக்கும். பிறகு கைப்பயிற்சி தொடங்கும். இலேசான வேலைகளை 2, 3 மாதங்களில் செய்யலாம். பிடியின் வலு திரும்ப 6 மாதம், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். இரண்டாம் மாதத்தில் "ஏன்தான் செய்துகொண்டோமோ" என்று தோன்றினால், அது பலருக்கும் வரும் எண்ணமே. பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். வலி நீங்கினாலும், இளவயதில் இருந்த வலு முழுமையாகத் திரும்பும் என எதிர்பார்க்க வேண்டாம்.

தழும்பில் கூச்சம், கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போதல், கிருமித்தொற்று ஆகியவை சிலருக்கு ஏற்படலாம். அரிதாக, கை முழுவதும் வீங்கி விறைத்து, நெடுநாள் கடுமையாக வலிக்கும். காயம் சிவந்து சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நீரிழிவு இருந்தாலும், இரத்தத்தை இளக்கும் மருந்து உட்கொண்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது. சமைக்கவும் குளிக்கவும் பல வாரங்களுக்கு ஒரு கைதான் உதவும். தனியாக வசிப்பவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.