மொட்டை மாடிக்கு ஆள் கூப்பிடும் முன்...

வெளிநாட்டு வீடியோக்களில் வீட்டுக்குப் பின்னால் மரப்பலகைத் தளம் ஒன்று இருக்கும். அதைக் கழுவ, பாலிஷ் போட என்றே தனி ஆட்கள் வருவார்கள். பார்த்திருப்பீங்க. நமக்கு அந்த இடம் மொட்டை மாடி. வடாம் காய்வது, அக்னி நட்சத்திரத்துல பாய் போட்டுத் தூங்குவது, அரியர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி நடந்துக்கிட்டே படிப்பது எல்லாம் அங்கதான். ஆனா அதைப் பத்தி நாம யோசிக்கிறது, ஐப்பசி மழையில ஹால் சீலிங்ல ஓதம் வட்டமாத் தெரியும்போதுதான்.

அப்போ அவசரமா ஒருத்தரைக் கூப்பிடுவோம். அவர் என்ன செய்யணும்னு நமக்கும் தெரியாது. சில சமயம் அவருக்கும் தெரியாது! அதனால முதல்ல மாடிக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம்.

காங்கிரீட் ஸ்லாப் மட்டும் மாடி இல்லை. அதுக்கு மேல, நம்ம ஊர் வழக்கப்படி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஒரு அடுக்கு போடுவாங்க. கொத்தனார்கள் இதைச் சுருக்கி என்பார்கள். மரக்கட்டையால நாள்கணக்கில் அடிச்சு இறுக்குவாங்க. வெப்பத்தைத் தடுப்பதும், தண்ணீர் ஓட வாட்டம் கொடுப்பதும் இந்த அடுக்குதான். அதுக்கு மேல தட்டோடு பதிச்சு, இணைப்புகளைச் சிமெண்ட் கலவையால அடைப்பாங்க. ஆம்பூர், வாணியம்பாடி பழைய தெரு வீடுகளில் ஸ்லாப்பே இருக்காது. தேக்கு உத்தரம், அதன்மேல் செங்குத்தா அடுக்கிய சின்னச் செங்கல், அதன்மேல் சுருக்கி. இதுக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பேர்.

இதுல ஒரு சுவாரஸ்யம். அந்தக் காலத்துல சுருக்கியை அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளிப்பாங்க. நம்ம பெல்ட்ல தோலில் இருக்கும் முடியை நீக்கியதும் சுண்ணாம்பாலதான். குரோம் வருவதற்கு முன்னாடி தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டை, கடுக்காய் மாதிரி பொருட்களால. ஆக, தோல் ஷெட்டில் இருந்த அதே ரெண்டு சரக்கும் தலைக்கு மேல கூரையிலயும் இருந்திருக்கு.

சரி, மாடி ஏன் ஒழுகுது? வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஸ்லாப்பின் மேல்பரப்பு அதைவிடச் சூடாகும். 10 மீட்டர் நீள ஸ்லாப்புக்கு 30 டிகிரி வித்தியாசம் வந்தா, சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். ராத்திரி சுருங்கும். தினமும் இதே கதை. அதனால முதல்ல விரிசல் விடுவது தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. அடுத்து தட்டோட்டு இணைப்புகள். மூணாவது, மழைநீர் பைப்பின் வாய். அங்க வேப்பிலை அடைச்சா தண்ணீர் தேங்கும். தேங்கின தண்ணீர் விரிசலைத் தேடிப் போகும்.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி மழைக்காலத்துல ஒரு டீம் வந்தாங்க. அரை நாள்ல பாசியைக் கழுவி, சாயங்காலமே வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சுட்டு, அஞ்சு வருஷ கேரண்டின்னு வாயால சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த கோடையில கோட்டிங் அப்பளம் மாதிரி உப்பிடுச்சு. காரணம் பெருசா ஒண்ணுமில்லை. தளம் காயவே இல்லை. உள்ளே சிக்கின ஈரம் வெயில்ல ஆவியாகி, வெளியேற வழி இல்லாம கோட்டிங்கைத் தூக்கிடுச்சு. வாட்டத்தையோ மூலை விரிசலையோ யாரும் பார்க்கலை. பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்கலை.

நீங்க கேளுங்க. பங்குனி, சித்திரையில, தளம் நல்லாக் காய்ஞ்சிருக்கும்போது கூப்பிடுங்க. வர்றவர்கிட்ட நாலு கேள்வி போதும்.

ஒண்ணு, எங்க ஒழுகுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கோட்டிங் டப்பாவைக் காட்டுறவரைவிட, தட்டோட்டைத் தட்டிப் பார்த்து உள்ளே காலியாச் சத்தம் வரும் இடத்தைக் குறிக்கிறவரை நம்பலாம்.

ரெண்டு, வாட்டம் சரியா இருக்கா? 100 அடிக்கு 1 அடியாவது பைப் பக்கம் இறங்கணும். ஒரு பக்கெட் தண்ணீர் ஊத்தினாலே தெரிஞ்சிடும்.

மூணு, எதை வெச்சுக் கழுவுவீங்க? ஆசிட் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்க. ஆசிட் பாசியோடு சேர்த்துச் சுண்ணாம்பையும் சிமெண்டையும் தின்னும். ஆசிட் பட்ட இடத்துல பிளீச்சிங் பவுடரைக் கொட்டினா குளோரின் வாயு கிளம்பும். கழுவுற ஆளின் நுரையீரலுக்கு ஆபத்து. தென்னந்துடைப்பம், கம்பி பிரஷ், தண்ணீர் போதும்.

நாலு, முடிஞ்சதும் தண்ணீர் கட்டிக் காட்டுவீங்களா? பைப்பை அடைச்சு 25 மில்லிமீட்டர் தண்ணீரை ஒரு நாள் தேக்கிப் பார்ப்பதுதான் பரீட்சை. ஆனா 1000 சதுர அடியில அது 2 டன்னுக்கு மேல எடை. காங்கிரீட் ஸ்லாப் தாங்கும். உத்தரம் போட்ட பழைய வீட்டுல இதைச் செய்யவே கூடாது.

இன்னொண்ணு. வேலை முடியும் நேரத்துல நாம சாதாரணமாச் சொல்ற ஒரு வாக்கியம் இருக்கு: "அண்ணா, அப்படியே செப்டிக் டேங்கையும் பார்த்துடுங்க." தயவுசெஞ்சு சொல்லாதீங்க. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. அடியில தங்கும். அளவு கூடினா மூக்கு வாசனை உணர்வதையே நிறுத்திடும். நாத்தம் போயிடுச்சுன்னு இறங்கினவர் மயங்குவார். காப்பாற்றப் போனவரும் விழுவார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அப்படி நடக்கும் மரணத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என 2023-ல உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. எவ்வளவு கொடுத்தாலும் ஆள் வரமாட்டார். உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிடணும்.

மாடியிலயும் அதே அக்கறை வேணும். கைப்பிடிச் சுவர் தாழ்வா இருந்தா, ஓரத்துல பின்பக்கமா நடந்து பெருக்க விடாதீங்க. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சுப் பத்து, பதினொண்ணுக்குள்ள முடிக்கட்டும். குடிக்கத் தண்ணீர் கொடுங்க. கூலியையும் கேரண்டியையும் பேப்பர்ல எழுதிக்கோங்க. அது ரெண்டு பேருக்கும் நல்லது.

கடைசியா, இது ஒழுகல் பிரச்சினை மட்டும் இல்லை. தோல் கழிவால பாலாற்றுப் படுகை கெட்டதுக்கு 1996-ல உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கு. நிலத்தடி நீர் உப்பாகிப் போன பல இடங்கள் இங்க உண்டு. 1000 சதுர அடி மாடியில 10 மில்லிமீட்டர் மழை பெய்தா சுமார் 930 லிட்டர் நல்ல தண்ணீர். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆக, உங்க மாடியில கிடக்கும் குப்பையும் ஊத்துற ஆசிட்டும் போய்ச் சேருவது உங்க கிணத்துக்கோ போருக்கோதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மேல ஏறி, பைப் வாயில இருக்கும் இலையை மட்டும் எடுத்துடுங்க. அதுக்கு ஆள் தேவையில்லை.