விளிம்பில் நிற்பவை – 9: கடல் தாண்டும் கிளி

சென்ற வாரம் பார்த்த ஸ்பிக்ஸ் மக்காவ், காட்டில் அற்றுப்போய்க் கூண்டில் மட்டும் பிழைத்திருந்து, 2022-இல் பிரேசிலின் காட்டுக்குத் திரும்பிய கிளி. அப்படியானால் கூண்டில் பெருக்கிக் காட்டில் விட்டால் போதுமே என்று தோன்றும். போதாது என்பதை ஆஸ்திரேலியாவின் ஆரஞ்சு வயிற்றுக் கிளி காட்டுகிறது.

இது நம் ஊர்ப் பச்சைக்கிளியின் நீளத்தில் பாதிதான் இருக்கும். எடை 45 கிராம் அளவு. பச்சை முதுகு, நெற்றியில் நீலப் பட்டை, அடிவயிற்றில் ஆரஞ்சுத் திட்டு. கிளிகளில் வலசை போகும் இனங்கள் மிகச் சில. அவற்றில் இதுவும் ஒன்று. கோடையில் டாஸ்மேனியாவின் தென்மேற்கு மூலையில் யூகலிப்டஸ் மரப் பொந்துகளில் குஞ்சு பொரிக்கும். இலையுதிர்காலத்தில் பாஸ் நீரிணையைத் தாண்டி, விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியக் கரைகளின் உவர்ச் சதுப்புகளை அடையும். அங்கே உமரி போன்ற உப்புச் செடிகளின் விதைகளே குளிர்கால உணவு.

காட்டில் இவை குஞ்சு பொரிப்பதாக இன்று அறியப்பட்ட இடம் டாஸ்மேனியாவின் மெலலூகா ஒன்றுதான். சாலை கிடையாது; சிறு விமானத்திலோ படகிலோ போக வேண்டும், அல்லது பல நாள் நடக்க வேண்டும். ஆண்டுதோறும் வசந்தத்தில் அங்கே திரும்பிவரும் கிளிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். 2016-இல் வந்தவை 17. அவற்றிலும் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே.

1986-இலேயே கூண்டில் வளர்க்கும் திட்டம் தொடங்கிவிட்டது. அது இல்லாவிட்டால் இந்த இனமே இன்று இருந்திருக்காது. மெலலூகாவில் கூடுபெட்டிகள் வைத்தார்கள், தீவனம் இட்டார்கள், 2013 முதல் கூண்டுக் கிளிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பலன் கிடைத்தது. 2021-இல் திரும்பியவை 70.

ஆனால் கோடையில் பெருகும் கணக்கு குளிர்காலத்தில் கரைகிறது. கடல் தாண்டிப் போகும் இளங்கிளிகளில் பெரும்பாலானவை திரும்புவதில்லை. கூண்டில் பிறந்தவற்றின் சிறகு வடிவமே மாறிப்போயிருப்பதையும், அப்படி மாறியவை வலசையில் பிழைப்பது அரிதாக இருப்பதையும் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பறக்கும் வலுவைக் கூண்டு தருவதில்லை. கரை சேர்ந்தாலும் இரை வேண்டும். அந்த உவர்ச் சதுப்புகளில் ஒரு பகுதி துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் மேய்ச்சலுக்கும் போய்விட்டது.

அழியும் உயிரைக் கூண்டில் காப்பது அவசர சிகிச்சை. அதற்குப் பணம் கிடைக்கிறது, படமும் எடுக்கிறார்கள். சேறும் உப்புமாய்க் கிடக்கும் நிலத்துக்காகப் பேச ஆள் குறைவு. அந்த நிலத்தைத் தரிசு என்று எழுதும் வரை, எத்தனை குஞ்சுகளைப் பொரிக்க வைத்தாலும் இந்தக் கிளியை மீட்டதாகச் சொல்ல முடியாது. கூட்டைக் காக்கும் அக்கறையோடு, கிளி இரை தேடும் சதுப்பையும் காக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: பறக்க மறந்த காக்காப்போ)