மிதக்கும் கல் எவ்வளவு தாங்கும்?

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம். மிதத்தல் விதிகளை முடித்த மறுநாள் காலை, மாணவன் ஒருவன் சாம்பல் நிறத் துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தான். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அதற்குள் போட்டான். துண்டு மிதந்தது.

"சார், இது வீடு கட்டுற கல்லு. நுரை கலந்து செய்றாங்களாம். எங்க புது வீட்டுக்கு இதை வாங்கலாமான்னு அப்பா யோசிக்கிறாரு. தண்ணியில மிதக்குற கல்லு மேல வீடு நிக்குமா சார்?"

அவன் அப்பா கொத்தனார். ஊரெல்லாம் வீடு கட்டியவர், முதல் முறையாகத் தமக்கென்று கட்டுகிறார். ஆகவே அது வெறும் வகுப்பறைக் கேள்வியாக இல்லை.

நான் சொன்ன பதில் இதுதான்: "மிதப்பது அடர்த்தியைப் பொறுத்தது. தாங்குவது வலிமையைப் பொறுத்தது. இரண்டும் வெவ்வேறு பண்புகள்." பாடநூல்படி குற்றமில்லாத பதில். பொதுவாகப் பொருள்களுக்கு அது பொருந்தவும் செய்யும். காரீயம் இரும்பைவிட அடர்த்தி மிக்கது, ஆனால் வலிமை குறைந்தது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட கல்லுக்கு என் பதில் பொருந்தவில்லை. அன்று மாலை படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது தெரிந்தது. நுரை கான்கிரீட்டில் அடர்த்தியைச் சொன்னால் வலிமையில் பெரும்பகுதியைச் சொன்னதாகிவிடும். அடுத்த வாரம் வகுப்பில் என் பதிலை நானே திருத்தினேன்.

பாதிக்கல், பாதிக் காற்று

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடைகளில் எடை குறைந்த கற்கள் இரண்டு வகை கிடைக்கின்றன. வெண்மையாக இருக்கும் ஏ.ஏ.சி. கல்லில் அலுமினியத் தூள் சுண்ணாம்புடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயுதான் மாவு புளித்துப் பொங்குவதுபோல் கலவையைப் பொங்க வைக்கிறது. பிறகு உயர் அழுத்த நீராவியில், ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேக வைக்கிறார்கள். சாம்பல் நிறத்தில் இருக்கும் சி.எல்.சி. கல்தான் நாம் பேசும் நுரைக்கல். இதில் வாயு உண்டாக்கும் வினை இல்லை. நுரைப்பான் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து, காற்றைச் செலுத்தி, சவரக்கூழ் போன்ற கெட்டி நுரையைத் தனியே உண்டாக்குகிறார்கள். அதைச் சிமென்ட் கலவையோடு சேர்த்து அச்சில் ஊற்றுகிறார்கள். பெரிய ஆலை தேவையில்லை என்பதால் சிறு ஊர்களிலும் இதைச் செய்கிறார்கள்.

எவ்வளவு நுரை? இது வகுப்பிலேயே போடக்கூடிய கணக்கு. 1 கிலோ சிமென்ட், அரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்வோம். சிமென்டின் ஒப்படர்த்தி சுமார் 3.15. ஆகவே அதன் பருமன் 0.32 லிட்டர். மொத்தம் 1.5 கிலோ, 0.82 லிட்டர். குழம்பின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 1830 கிலோ. நமக்குக் கன மீட்டருக்கு 900 கிலோ வேண்டுமென்றால், அச்சில் பாதிக்குச் சற்று மேலான இடத்தை நுரை பிடித்துக்கொள்ள வேண்டும். என் மாணவர்கள் இந்த விடையை நம்பாமல் இரண்டு முறை போட்டுப் பார்த்தார்கள்.

இப்போது வலிமை. ஒரு பொருளை அழுத்தி நொறுக்கத் தேவையான விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அமுக்க வலிமை. அலகு சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன். மாணவர்களுக்கு இந்த அலகு கைக்கு எட்டுவதில்லை. 1 நியூட்டன் என்பதை, 'ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 10 கிலோ' என்று மாற்றிச் சொன்னால் போதும். சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் 10 கிலோ.

நுரைக்கல்லுக்குக் கையேடுகளில் பொதுவாகக் காணும் மதிப்புகள் இவை. கன மீட்டருக்கு 400 கிலோ அடர்த்தியில் வலிமை 0.5 முதல் 1 வரை. 800 கிலோவில் 1.5 முதல் 2. 1200 கிலோவில் 4.5 முதல் 5.5. 1600 கிலோவில் 7.5 முதல் 10. ஒப்பிட்டுப் பார்க்க, தளம் போடும் எம்-20 கான்கிரீட் 28 நாளில் 20 தாங்க வேண்டும். சுட்ட செங்கல்லுக்கு இந்தியத் தரத்தில் உள்ள மிகக் குறைந்த வகுப்பு 3.5.

இந்த எண்களை வரைபடத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். நேர்கோடு வராது. அடர்த்தி 4 மடங்கு ஆகும்போது வலிமை 10 மடங்குக்கும் மேல் ஏறுகிறது. காரணம் எளிது. கல்லின் மேல் வைத்த சுமை குமிழிகள் வழியாகக் கீழே இறங்க முடியாது. குமிழிகளுக்கு இடையே உள்ள சிமென்ட் சுவர்கள் வழியாகத்தான் இறங்க வேண்டும். நுரை கூடக் கூடச் சுவர்களின் அளவு குறைவதோடு, அவை மெலிந்தும் போகின்றன. மெலிந்த சுவர் முதலில் உடைகிறது. அதன் பங்கு அண்டைச் சுவர்மேல் விழுகிறது. அதனால் வலிமை திண்மப் பகுதியின் விகிதத்தில் குறையாமல், அந்த விகிதத்தின் அடுக்கில் குறைகிறது. அடுக்கு 3 என்று வைத்துக்கொண்டால், திண்மம் பாதியாகும்போது வலிமை எட்டில் ஒன்றாகிறது. அடுக்குகள் பாடம் நடத்தும் கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதே எடை, வேறு வலிமை

அடர்த்திதான் முதல் காரணி என்றாலும் கதை அத்தோடு முடிவதில்லை. ஒரே எடையுள்ள இரண்டு கற்கள் வெவ்வேறு வலிமை காட்டுகின்றன. இங்கேதான் சென்னை ஐ.ஐ.டி.யில் இ. கே. குஞ்ஞானந்தன் நம்பியார், கே. ராமமூர்த்தி ஆகியோர் செய்த ஆய்வுகள் உதவுகின்றன. 2007-ல் வெளியான அவர்களது ஆய்வு, கல்லை வெட்டி நுண்ணோக்கியில் குமிழிகளை அளந்தது. குமிழிகளின் மொத்தப் பருமன், அளவு, இடைவெளி ஆகிய மூன்றும் வலிமையைப் பாதிக்கின்றன. குமிழிகள் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும் கல் கூடுதலாகத் தாங்குகிறது. நுரையை மிகுதியாகச் சேர்த்தால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, அந்த ஒழுங்கு கெடுகிறது.

மணலுக்கும் இதில் பங்குண்டு. மணல் நைசாக இருந்தால் வலிமை கூடுகிறது. பெருமணல் குமிழிச் சுவரைக் குத்துகிறது என்று நான் வகுப்பில் சொல்வேன். மணலுக்குப் பதில் அனல்மின் நிலையத்து உலர் சாம்பலை, அதாவது கடைக்காரர்கள் ஃப்ளை ஆஷ் என்பதைச் சேர்த்தால், அதே அடர்த்தியில் வலிமை இன்னும் கூடுகிறது என்று அதே ஆய்வாளர்கள் 2006-ல் காட்டினார்கள். சாம்பல் மணலைவிட எடை குறைந்தது. அதே அடர்த்தியை எட்டக் குறைந்த நுரையே போதும். நுண்ணிய துகள் என்பதால் குமிழிகளும் சீராக நிற்கின்றன. ஆனால் அது தண்ணீரைக் கூடுதலாகக் கேட்கும்.

சாம்பலைச் சிமென்டுக்குப் பதிலாகவும் சேர்க்கலாம். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கியர்ஸ்லி, வெயின்ரைட்டுடன் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், சிமென்டில் மூன்றில் இரண்டு பங்கு வரை சாம்பல் இட்டும் நீண்டகால வலிமை பெரிதாகக் குறையவில்லை. 'நீண்டகால' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சாம்பல் கலந்த கல் மெதுவாகத்தான் வலுப்பெறும். அவசரப்பட்டு ஏழாம் நாளே சுவரில் ஏற்றினால் ஆய்வாளர் கண்ட வலிமையை நாம் காண மாட்டோம்.

நுரைப்பானில் புரத வகை, செயற்கை வகை என இரண்டு உண்டு. புரத வகையின் குமிழிச் சுவர் உறுதியானது. எட்டாம் வகுப்பிலேயே இதைக் காட்டலாம். அடித்த முட்டை வெள்ளைக்கருவின் நுரையையும் பாத்திரம் கழுவும் திரவத்தின் நுரையையும் இரண்டு அளவுசாடிகளில் எடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நுரையின் உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். குளியல் சோப்பைச் சுண்ணாம்புத் தெளிநீரில் குலுக்கிக் காட்டினால் கடின நீர் பாடமும் கூடவே வந்துவிடும்.

தண்ணீர் எங்களை ஏமாற்றிய விதம்

சாதாரண கான்கிரீட்டில் தண்ணீர் குறைந்தால் வலிமை கூடும். டஃப் ஆப்ராம்ஸ் 1918-ல் அமெரிக்காவில் வகுத்த விதி அது. கொத்தனார்களுக்கு விதியின் பெயர் தெரியாவிட்டாலும் செய்தி தெரியும். நாங்களும் அதை நம்பித்தான் தொடங்கினோம்.

மாணவனின் அப்பா ஒரு புட்டியில் நுரைப்பான் வாங்கித் தந்தார். மூன்று வாளிகளில் ஒரே அளவு சிமென்ட், ஒரே அளவு நுரை. தண்ணீர் மட்டும் வேறு. (ஈரச் சிமென்ட் காரத்தன்மை உடையது. கையுறை இல்லாமல் மாணவர்களைத் தொடவிட வேண்டாம்.) தண்ணீர் குறைந்த வாளியில் நுரையைப் போட்டுக் கிளறியபோது அது கண்முன்னே காணாமல் போனது. காய்ந்த கலவை நுரையிலிருந்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது, குமிழிகள் உடைந்தன. தண்ணீர் மிகுந்த வாளியில் நேர்மாறு. நுரை மேலே மிதந்தது, சிமென்ட் அடியில் தங்கியது. அந்தக் கனசதுரத்தின் மேற்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினாலே பொடிந்தது. நடு வாளி மட்டும் தோசை மாவு பதத்தில் நின்றது.

அருகிலிருந்த பாலிடெக்னிக் ஒன்றில் கேட்டு, அழுத்தச் சோதனை இயந்திரத்தில் மூன்றையும் வைத்தோம். தண்ணீர் குறைந்த கல்லே கூடுதலாகத் தாங்கியது. "பாத்தீங்களா சார், புத்தகத்துல உள்ளதுதான் சரி" என்றார்கள் பிள்ளைகள். நானும் ஒரு நிமிடம் தலையாட்டிவிட்டேன். பிறகு ஒரு மாணவி அதைத் தூக்கிப் பார்த்து, "இது மத்ததைவிடக் கனமா இருக்கே சார்" என்றாள். நுரை செத்துப்போனதால் அது நுரைக்கல்லாகவே இல்லை. வெறும் சிமென்ட் கட்டி. தண்ணீரை மாற்றியதாக நினைத்துக்கொண்டு அடர்த்தியையும் சேர்த்து மாற்றியிருந்தோம். மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது நழுவும் இடத்தை அன்றுதான் கையில் பிடித்தேன். எடை சமமாக இல்லாத இரண்டு நுரைக்கற்களை ஒப்பிடுவதில் பயனில்லை. அறிவியல் கண்காட்சிகளில் 'எங்கள் கல் வலிமையானது' என்று வரும் மாதிரிகளைப் பார்க்கும்போது, நான் முதலில் கேட்பது அவற்றின் எடையைத்தான்.

காலமும் ஈரமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிமென்ட் நீரேற்றம் நடக்க ஈரம் வேண்டும். எங்கள் இரண்டாவது தொகுதிக் கற்கள் காலாண்டு விடுமுறையில் தண்ணீர் விட ஆளின்றிக் காய்ந்து, மேலெல்லாம் வெடிப்பு கண்டன. சோதனையின்போது மட்டும் கல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரக்கல் குறைந்த வலிமை காட்டும். ஏ.ஏ.சி. கல் அதே அடர்த்தியில் நுரைக்கல்லைவிடக் கூடுதலாகத் தாங்குவதற்கு அந்த நீராவி வேகலும் ஒரு காரணம்.

வலிமை குறைவு எல்லா இடத்திலும் குறையாகாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இங்கிலாந்தின் பாத் நகருக்கு அருகே கோம் டவுன் என்னும் ஊரின் அடியில் பழைய கல் சுரங்கங்கள் இருந்தன. மேலே வீடுகளும் சாலைகளும். அந்தச் சுரங்கங்களை நிரப்ப ஏறக்குறைய 6 லட்சம் கன மீட்டர் நுரை கான்கிரீட்டைக் குழாய் வழியே செலுத்தினார்கள். அங்கே தேவைப்பட்டது, தானாக ஓடி இண்டு இடுக்கெல்லாம் நிரம்பும் எடை குறைந்த பொருள்.

இனி அந்த வீட்டுக்கு வருவோம். கல் போடும் இடத்தில் சோதனைச் சான்று கேட்டபோது கிடைக்கவில்லை. ஐ.எஸ். 2185, பகுதி 4 என்ற இந்தியத் தரம் 2008 முதல் இந்த வகைக் கல்லுக்கென்றே இருக்கிறது. வாங்குபவர் அதைச் சொல்லிக் கேட்கலாம். சான்று இல்லாத இடத்தில் நாம் செய்யக்கூடியது எடை பார்ப்பது. 600 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 150 மி.மீ. தடிமன் உள்ள ஆறு அங்குலக் கல்லின் பருமன் 0.018 கன மீட்டர். அடர்த்தி 1000 என்று சொல்லி விற்றால் உலர்ந்த கல் 18 கிலோ இருக்க வேண்டும். பிள்ளைகள் எடை பார்க்கும் பள்ளி இயந்திரத்தை ஒரு சனிக்கிழமை அங்கே கொண்டுபோனோம். ஒரே அடுக்கில் இரண்டு கிலோவுக்கு மேல் வேறுபாடு. அடி வரிசைக் கற்கள் கனமாக இருந்தன. நல்ல கல் என்று எண்ணினோம். தொட்டுப் பார்த்தால் ஈரம். இரண்டு நாள் வெயிலில் வைத்து மறுபடி எடை பார்த்தபோது அவற்றில் சில, மேல் வரிசையைவிடக் குறைந்திருந்தன.

கூரையைத் தாங்கும் சுவர்களுக்கு அவர் செங்கல்லே வாங்கினார். அறைகளுக்கு நடுவே வரும் தடுப்புச் சுவர்களுக்கு மட்டும் நுரைக்கல். அதையும் உலர்த்தி, ஒவ்வொன்றாக எடை பார்த்து எடுத்தார். எடை குறைந்தவற்றைத் திருப்பிக் கொடுத்தபோது கல் போடுபவர் முதலில் முறைத்தார். பிறகு, "நுரையைக் கண்ணளவுலதான் ஊத்துறோம் சார், அதான் இப்படி ஆகுது" என்று ஒப்புக்கொண்டார். எங்கள் எடை இயந்திரத்தை இரண்டு வாரம் அவரே வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அதன் கண்ணாடியெல்லாம் சிமென்ட் தூசி.